‘பகிடிக்குத்தானே செய்தோம்’ – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், நல்லூர் பின்வீதியில் ஒரு பள்ளிக்கூடப் பெடியனை நாலு பேர் சேர்ந்து பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்ததையும், அவன் சைக்கிளை விட்டிறங்கி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மணியைத் துடைத்துக்கொண்டு நின்றதையும் பற்றி ஐந்தாறு வரி எழுதியிருந்தேன். உண்மையைச் சொன்னால் பக்கத்தில் இடம் மிஞ்சியதால் எழுதியது. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், சினிமா பற்றியோ அரசியல் பற்றியோ எழுதி இவ்வளவு நாளும் எனக்கு இத்தனை கடிதம் வந்ததில்லை. ஆகவே ‘மாம்பழம் உடம்புக்குச் சூடா’ என்று கேட்ட அரியாலை வாசகி உட்பட மற்ற எல்லோரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். சூடுதான், ஆனாலும் சாப்பிடுங்கள். கீழே உள்ள கடிதங்களில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

1994 இல் நாங்கள் ஏஎல் வகுப்பு. கூடப் படித்த ஒருவனுக்குத் தகப்பன் இல்லை, தாய் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் படிப்பித்தார். நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘இடியப்பம்’. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அவனுடைய சைக்கிள் சில்லில் காற்றை அடைத்து வைக்கும் வால்கட்டையைக் கழற்றி எறிந்துவிடுவோம், யாழ்ப்பாணத்திலிருந்து நீர்வேலி வரை உருட்டிக்கொண்டு போவான். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருடம். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலைப் பிரார்த்தனையில் இரண்டு நிமிட மௌனம். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். நாங்கள் ஏழு பேர், ஒருவரும் செத்த வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் இடப்பெயர்வு, பிறகு ஆளுக்கொரு நாடு. போன மாசம் என் மகன் இங்கே பள்ளிக்கூடத்திலிருந்து கிழிந்த பையோடு வந்து ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டான். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் கொலைகாரனா?
*– பெயர் வேண்டாம், ரொறன்ரோ*

இல்லை. ஆனால் இந்த ‘இல்லை’யை மட்டும் வாசித்துவிட்டு இதழை மூடி வைத்துவிடாதீர்கள்.

கொலை என்பதற்கு எண்ணம் வேண்டும், எண்ணம் இல்லாவிட்டாலும் இது உயிரைப் பறிக்கும் என்ற அறிவாவது வேண்டும். வால்கட்டை கழற்றிய பதினெட்டு வயதுக்காரனிடம் இரண்டும் இருந்ததென்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. அதோடு, ஒரு பிள்ளை அப்படியொரு முடிவுக்குப் போவதற்கு ஒரேயொரு காரணம் இருப்பது மிக அரிது. 94 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம், தகப்பன் இல்லாத வீடு, விடிய நாலு மணிக்கு எழும்பி மா பிசையும் தாய், பரீட்சை, உங்களுக்கும் எனக்கும் தெரியாத இன்னும் ஏதோ. ‘நாங்கள்தான் அவனைக் கொன்றோம்’ என்று சொல்வதிலும் ஒரு சின்னப் பெருமை ஒளிந்திருக்கிறது பாருங்கள், அவனுடைய வாழ்க்கை முழுக்க உங்கள் ஏழு பேரைச் சுற்றியே ஓடியது போல.

சரி, இனி மற்றப் பக்கம். உங்கள் கடிதத்தில் ‘உருட்டிக்கொண்டு போவான்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். காற்றில்லாத சில்லை அப்படியே உருட்டினால் ரியூப் வெட்டுப்பட்டுவிடும், அது தெரிந்தவன் கரியரை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் ஹாண்டிலைப் பிடித்துத்தான் நடப்பான். ஐந்தாறு மைல். பெற்றோல் இல்லாத தடைக்காலம், ஊரே சைக்கிளில் போன காலம், பருத்தித்துறை வீதியில் அவனைக் கடந்து போன ஒவ்வொருவரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் தாய் ‘ஏன் தம்பி பிந்தி’ என்று கேட்டிருப்பார், அவன் ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொல்லியிருப்பான். ஒன்றரை வருடத்துக்கு எத்தனை பொய் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இது அவ்வளவும் அவன் உயிரோடு இருந்த நாட்களில் நடந்தது. அவன் சாகாமல் இருந்து, இன்று எங்காவது வங்கி முகாமையாளராக இருந்திருந்தால், ஏழு பேரும் ஒன்றுகூடலில் வால்கட்டைக் கதையைச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள், அவனும் கூடச் சிரிப்பதுபோல நடித்திருப்பான். நீங்கள் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவும் மாட்டீர்கள். செய்தது அப்போதும் இதேதான். அவன் செத்ததால் நீங்கள் செய்தது பெரிதாகவில்லை, உங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது, அவ்வளவுதான். ஆகவே மரணத்தில் உங்களுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கை விடுங்கள், அது உங்களாலோ என்னாலோ போட்டு முடிக்கக்கூடிய கணக்கில்லை. அந்தச் சைக்கிளுக்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது.

‘முழு’ என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஏழு பேர் என்று நீங்கள் எண்ணிக்கை சொன்ன விதத்தில் ஏழில் ஒன்று என்ற எண்ணம் தெரிகிறது. நல்லூரில் தேர் இழுக்கிறவர்கள் ஆயிரம் பேர், வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவரும் ‘நான் தேர் இழுத்தேன்’ என்றுதான் சொல்கிறோம், ஆயிரத்தில் ஒரு பங்கு இழுத்தேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. புண்ணியத்துக்கு வகுத்தல் தெரியாதவர்களுக்குப் பாவத்துக்கு மட்டும் எங்கிருந்து கணக்கு வருகிறது?

செத்த வீட்டுக்குப் போகாததைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கலியாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும், செத்த வீட்டுக்கு வேண்டாம், முகம் பாராமல் இருந்த பங்காளிகூட அன்று வந்து படலையடியில் நிற்பான். பதினெட்டு வயதில் பயந்து போகாமல் விட்டது விளங்குகிறது. அதற்குப் பிறகு வந்த முப்பது வருடம் விளங்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் ஏழு பேரின் கையில் அகப்பட்டவன் அவன் ஒருவன் மட்டும்தானா? உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. உங்கள் மகனைப் பற்றி இருக்கிறது, ஆனால் அவனோடு நீங்கள் பேசினீர்களா என்று இல்லை. பேசுங்கள், இன்றைக்கே. வால்கட்டைக் கதையையும் ஒருநாள் அவனுக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் முதலில் அவனுடைய கதையைக் கேளுங்கள். கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்கள் கேட்ட மற்றக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

என் மகனுக்குப் பதினைந்து வயது. ரியூசனில் கூடப் படிக்கும் ஒரு பெடியன் மேசையில் வாயைத் திறந்தபடி நித்திரையாகப் போனதை யாரோ படம் எடுத்து வட்ஸ்அப் ஸ்ரிக்கர் ஆக்கிவிட்டார்கள். அது ரியூசன் முழுக்கப் போய், பிறகு மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளை இப்போது ஆஸ்பத்திரியில், தெய்வாதீனமாக உயிர் தப்பிவிட்டது. என் மகன் படம் எடுக்கவில்லை, ஸ்ரிக்கர் செய்யவும் இல்லை, அனுப்பியது மட்டும்தான். கணவர் ‘போனைத் துடைச்சுப்போட்டுப் பேசாமல் இரு, பழைய மாணவர் சங்கத்தில எனக்கு ஆள் இருக்கு’ என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை.
*– ஒரு தாய், மானிப்பாய்*

தங்கச்சி, உங்கள் மனம் கேட்காதது நல்லது, அதை விட்டுவிடாதீர்கள்.

மனுநீதிச் சோழன் கதை எல்லோருக்கும் தெரியும், பசு மணி அடித்தது, அரசன் மகன்மேல் தேர் ஏற்றியது. நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் தருவதில்லை. கன்று தேர்க்காலில் அகப்பட்டுச் செத்ததும் இளவரசன் உண்மையாகவே துடித்துப் போகிறான், கெட்டவன் இல்லை அவன். ஆனால் உடனே அவனுக்கு வருகிற யோசனை, அப்பாவின் காதுக்குப் போகும் முன்னம் ஒரு பரிகாரம் செய்து முடித்துவிடலாம் என்பதுதான். அந்தணர்களைத் தேடிப் போகிறான். தாய்ப்பசு நின்ற இடத்திலேயே நிற்கிறது. உங்கள் கணவர் சொல்லும் பழைய மாணவர் சங்கம் அந்தப் பரிகாரம்தான்.

‘அனுப்பியது மட்டும்’ என்கிறீர்கள். எடுத்தவன் ஒருவன், செய்தவன் ஒருவன், அவர்களோடு நின்றிருந்தால் அது இரண்டு பேருக்குள் நடந்த ஒரு அசிங்கம். மூன்று பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தவர்கள் அனுப்பியவர்கள். அந்தப் பிள்ளைக்கு முகம் காட்ட முடியாமல் போனது ஊர் முழுக்கத் தெரிந்ததால்தானே, ஊருக்குத் தெரியப்படுத்தியது யார்?

என்ன செய்யலாம் என்று கேட்டால்: போனைத் துடைக்க வேண்டாம். துடைத்தால் பதினைந்து வயதில் உங்கள் மகன் கற்றுக்கொள்ளும் பாடம் அதுவாகிவிடும். நீங்களும் அவனும் வகுப்பாசிரியரிடம் போய், அவன் வாயாலேயே சொல்லட்டும், எப்போது வந்தது, யாருக்கெல்லாம் அனுப்பினேன் என்று. அவனிடமிருந்து போனவர்கள் எல்லோருக்கும் ‘அழியுங்கோ, நான் அனுப்பினது பிழை’ என்று அவனே எழுதட்டும். ஆஸ்பத்திரிக்கு இப்போது கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கட்டிலடியில் உங்கள் மகன் அழுதால் அந்தப் பிள்ளைதான் அவனைத் தேற்ற வேண்டி வரும். அந்தத் தாயிடம் ஆள்மூலம் கேளுங்கள், வா என்றால் போங்கள், வேண்டாம் என்றால் காத்திருங்கள்.

உங்கள் மகனையும் கவனியுங்கள், இதை இடைச்செருகலாக நினைக்காதீர்கள். ‘நீயொரு கொலைகாரன்’ என்று வீட்டில் யாரும் வாய்தவறியும் சொல்லக்கூடாது. வெட்கத்தில் மூழ்கிய பிள்ளை என்ன செய்யும் என்று இப்போதுதான் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறீர்கள். அவன் சாப்பிடாமல், படுக்காமல் இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கும். சிறுவர்களுக்காக 1929 உம் இருக்கிறது.

கம்பஸில் இரண்டாம் வருடம். எங்கள் பட்ச் ஆட்கள் ஒரு ஜூனியரை அறைக்குள் வைத்துப் பகிடிவதை செய்தபோது நானும் இருந்தேன். கை வைக்கவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான், இப்போது வீட்டை விட்டு வெளியிலேயே வருவதில்லையாம். சும்மா நின்ற எனக்கும் பொறுப்பு உண்டா?
*– க., திருநெல்வேலி*

தம்பி, அந்த அறையில் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. எட்டுப் பேர் என்று வைப்போம். அடித்தவர்கள் இரண்டு பேர். மற்ற ஆறு பேரும் சும்மா நிற்கவில்லை, கதவாக நின்றார்கள். அந்தப் பிள்ளை வெளியே ஓட நினைத்துத் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு சும்மா நின்றவர் இருந்திருப்பார். அடிக்கிறவனுக்கும் சனம் தேவை, ஆளில்லாத அறையில் யாரும் வீரம் காட்டுவதில்லை.

‘ராக்கிங்’ என்ற சொல்லுக்கு நம் நாட்டில் நாங்கள் செய்துகொண்ட தமிழைக் கவனித்திருக்கிறீர்களா, பகிடிவதை. ஒரே சொல்லுக்குள் இரண்டு வாக்குமூலம். செய்தவனைக் கேட்டால் முதல் பாதியைச் சொல்லுவான், பட்டவனைக் கேட்டால் மற்றப் பாதியை. இந்தச் சொல்லைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை, ஆனால் ஒரு முதலாம் வருடமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

1997 இல் பேராதனையில் பொறியியல் பீடத்துக்குப் போன வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவன் எப்படிச் செத்தான் என்று உங்கள் பட்சில் எத்தனை பேருக்குத் தெரியும்? கத்தியில்லை, பொல்லில்லை. உடற்பயிற்சி. அளவுக்கு மீறிச் செய்ய வைத்தார்கள், சிறுநீரகம் செயலிழந்தது. அதைச் செய்வித்தவர்களில் ஒருவராவது ஒரு உயிரை எடுக்கப் போகிறோம் என்று நினைத்து அன்று காலை எழும்பியிருப்பார்களா? அதற்குப் பிறகுதான் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொந்தரவோ கடும் காயமோ என்றால் பத்து வருடம் வரை. அதே பேராதனையில் 1975 இல் ஒரு மாணவி வதை தாங்காமல் விடுதி மாடியிலிருந்து குதித்து உடல் இயங்காமல் போனார். 2002 இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இருபத்தேழு வருடம். அந்த அறையில் அன்று நின்றவர்கள் அதற்குள் பட்டம் பெற்று, கலியாணம் முடித்து, பிள்ளைகளைக் கம்பஸுக்கு அனுப்பியும் இருப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு பின்னேரம்.

பயம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பயம் பொய்யும் இல்லை. 2002 இல் ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதைக்கு எதிராக நின்ற ஒரு மாணவரைச் சக மாணவர்களே அடித்துக் கொன்றார்கள். ஆகவே நடுவில் பாய்ந்து தடுத்திருக்க வேண்டும் என்று இந்தக் கதிரையில் இருந்துகொண்டு நான் சொல்லமாட்டேன். ஆனால் பாய்வதற்கும் பேசாமல் நிற்பதற்கும் நடுவில் எவ்வளவோ இருந்தது. ‘வோர்டன் வாறார்’ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அறையை விட்டு வெளியே போயிருக்கலாம், ஒரு கதவு குறைந்திருக்கும். அன்று இரவு அவனுடைய அறைக்குப் போய் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

பொறுப்பு உண்டா என்றால் உண்டு, இன்னும் முடியவும் இல்லை. அவன் முறைப்பாடு செய்ய விரும்பினால் சாட்சி வேண்டும். கை வைக்காதவர் நீங்கள், நடந்ததை முழுக்கப் பார்த்தவர். உங்களைவிட நல்ல சாட்சி யார்?

எங்களுக்கும் ராக்கிங் நடந்தது, எல்லோரும் தாங்கிக்கொண்டு இன்று நல்ல நிலையில் இருக்கிறோம். மனம் பலவீனமான ஒருவர் ஏதாவது செய்துகொண்டால் அதற்கு மற்றவர்கள் என்ன செய்ய முடியும்?
*– பொறியியலாளர், கொக்குவில்*

முருங்கை மரத்தில் ஏறக்கூடாது என்று நம் வளவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏறி முறித்துவிட்டு, பூவரசு முறியவில்லையே, இது ஏன் முறிந்தது என்று மரத்தோடு சண்டை பிடிக்கிறவரை நான் இதுவரை கண்டதில்லை, இன்று உங்களைக் காண்கிறேன்.

சட்டத்துக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. இங்கிலாந்தில் ஒருவன் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்தினான். இரத்தம் ஏற்றினால் பிழைப்பாள் என்றார்கள் வைத்தியர்கள், அவள் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவள், மத நம்பிக்கையால் மறுத்தாள், இறந்துபோனாள். அவள் மறுத்ததால்தானே செத்தாள் என்று அவன் தரப்பு வாதாடியது. 1975 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடிக்கிறவன் எதிரில் நிற்கும் ஆளை முழு ஆளாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், உடம்பையும் சேர்த்து, மனதையும் நம்பிக்கையையும் சேர்த்து. பலமான ஆளாகப் பார்த்து அடித்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்பது நியாயம் இல்லை.

அப்புறம், ‘எல்லோரும் தாங்கிக்கொண்டு’ என்கிறீர்கள். தாங்காதவர்கள் உங்கள் ஒன்றுகூடலுக்கு வருவதில்லை ஐயா. வந்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும்தான்.

எல்லாவற்றுக்கும் கேலி செய்தவர்களையே குற்றம் சொன்னால் எப்படி? வீட்டில் தாய் தகப்பன் கவனித்திருக்க வேண்டாமா?
*– செல்வி, சாவகச்சேரி*

கவனித்திருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இந்தக் கேள்வியை நீங்கள் போய்க் கேட்கத் தேவையில்லை, அவர்கள் அதை ஒவ்வொரு இரவும் தங்களையே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அடுத்த பத்து வருடத்தில் அது பாதியாகியது. கடன் குறைந்ததா, காதல் தோல்வி குறைந்ததா, சண்டை குறைந்ததா, ஒன்றும் இல்லை. கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்ததுதான் முக்கிய காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஏதோ ஒரு மேசையில் இருந்து ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தவருக்கு, அதனால் இன்று உயிரோடு இருக்கிறவர்களில் ஒருவரையும் தெரிந்திருக்காது. ஆகவே தடுத்திருக்கக்கூடிய கைகள் பல என்பது சரி, தாய் தகப்பன், வகுப்பாசிரியர், பக்கத்துக் கதிரையில் இருந்தவன், சட்டம் போடுகிறவர். ஆனால் அந்தக் கைகளைச் சுட்டிக்காட்ட வேறு யாருக்கும் உரிமை இருக்கலாம், கேலி செய்தவனுக்கு இல்லை.

சேர், நீங்களும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தானே. உங்கள் வகுப்பில் இதெல்லாம் நடக்கவில்லையா?
*– பழைய மாணவன், சுன்னாகம்*

இதைக் கேட்க ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நடந்தது. செய்ததும் நான்தான். எண்பதுகளில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெடியன், எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் மெதுவாக எழுதுவான். கரும்பலகையை நான் அழிக்கும்போது அவன் பாதியில் நிற்பான். ஒருநாள் ‘என்ன ஆமை, வந்து சேர்ந்திட்டியோ’ என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் சொல்கிற பகிடிக்கு வகுப்பு கட்டாயம் சிரிக்கும், அது விளங்காமல் எனக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் சொன்னேன். பிறகு நான் சொல்லத் தேவைப்படவில்லை.

ஆறேழு வருடத்துக்கு முன், திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க நின்றேன். தராசு பிடித்தவர் நிமிர்ந்து பார்த்து ‘சேர்’ என்றார். முகம் பிடிபடவில்லை, குரலும் பிடிபடவில்லை. கிலோ நிறுத்த பிறகு இன்னும் இரண்டு காய் எடுத்துப் பைக்குள் போட்டார். அப்போது பக்கத்துக் கடைப் பெடியன், இருபது வயதுகூட இராது, ‘ஆமையண்ணை, ஐந்நூறுக்கு மாத்தின காசு இருக்கோ’ என்று கூப்பிட்டான்.

எனக்கு அந்த நேரம்தான் ஆளைத் தெரிந்தது. ‘தம்பி, இந்தப் பேர்…’ என்று இழுத்தேன்.

‘நீங்கள் வைச்சதுதான் சேர்’ என்று சிரித்தார். கோபம் ஒரு துளியும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ‘மகளின்ர ரியூசனிலையும் ஆமையின்ர மகள் எண்டுதான் சொல்லுறாங்களாம். வெண்டிக்காயும் போடட்டோ?’

அரைக் கிலோ போடச் சொன்னேன். அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான். வீட்டில் வெண்டிக்காய் ஏற்கெனவே இருந்தது, மனைவியிடம் ஏச்சும் வாங்கினேன். இரண்டு கிழமை கழித்து, சந்தை ஆறிய நேரமாகப் பார்த்து, ஒன்றும் வாங்குகிற நோக்கம் இல்லாமல் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் வரை அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது முதலே துப்புரவாகத்தான் இருந்தது. பிறகு அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன், அது அவருடையது.

இந்த மனிதருக்கு ஒன்றும் ‘நடக்கவில்லை’, கவனியுங்கள். குடும்பம், கடை, பிள்ளை எல்லாம் இருக்கிறது. எந்தப் பொலிஸும் எந்தப் பத்திரிகையும் என்னைத் தேடி வராது. இடியப்பம் விற்ற தாயின் மகனுக்கு அந்த ஏழு பேர் செய்ததும் நான் செய்ததும் வேறு வேறு என்று பல இரவு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வாய்த்த முடிவு எனக்கு வாய்க்கவில்லை, அது என் நல்லகாலம். வேறு வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை.

(ரொறன்ரோக் கடிதத்தின் பின்பக்கம்) ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வர இருக்கிறேன். அந்தத் தாய் இன்னும் நீர்வேலியில் அதே வீட்டில்தான் இருக்கிறாராம். போய்ப் பார்க்கலாமா? என்ன கொண்டு போவது?

முதலில், யாருக்காகப் போகிறீர்கள் என்று பாருங்கள். உங்களுக்கு நித்திரை வர வேண்டும் என்பதற்காக என்றால் ஒரு வைத்தியரிடம் போங்கள், வயதுபோன ஒரு மனுசியின் நித்திரையைப் பறித்து உங்களுடையதை வாங்க வேண்டாம். அந்தத் தாய்க்கு மகன் ஏன் ஒவ்வொரு நாளும் பிந்தி வந்தான் என்பது இன்றுவரை தெரியாமல் இருக்கலாம், அல்லது எப்போதோ தெரிந்திருக்கலாம். தெரிய வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆகவே திடீரென்று போய் நிற்காதீர்கள். அவரோடு இருக்கிற ஒரு சகோதரரோ மருமகளோ மூலம், மகனோடு படித்த ஒருவன் வந்து பார்க்க விரும்புகிறான், அந்த நாட்களைப் பற்றிச் சொல்லவும் இருக்கிறது என்று கேட்பியுங்கள். வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை, தூதுக்கு மேல் தூது விடாதீர்கள்.

வரச் சொன்னால் தேர்த் திருவிழா நாளில் போகாதீர்கள், ஊர் முழுக்க ஆரவாரமாக இருக்கும். ஒரு சாதாரண நாளில், பகலில், தனியாகப் போங்கள். மற்ற ஆறு பேரையும் கேட்டுப் பாருங்கள், ஆனால் அவர்கள் வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். சொக்லேற் பெட்டி, வாசனைச் சோப்பு, காசு வைத்த கவர் ஒன்றும் வேண்டாம். ‘நாங்கள் சின்னப் பெடியள்’, ‘பகிடிக்குத்தான்’, ‘எல்லாரும் சேர்ந்து’ என்ற மூன்று சொல்லையும் விமானநிலையத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், வால்கட்டையையும் சொல்லுங்கள், கழற்றியது உங்கள் கை என்றால் என் கை என்று சொல்லுங்கள். மன்னித்தேன் என்று அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு முகத்தைப் பார்க்காதீர்கள். அழ வேண்டி வந்தால் வெளியே வந்து அழலாம்.

அவனைப் பற்றி அவர் ஏதாவது கதைக்கத் தொடங்கினால், என்ன சாப்பாடு பிடிக்கும், எந்தப் பாடத்தில் கெட்டிக்காரன் என்று, இருந்து கேளுங்கள், மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள். அவனுடைய பெயரைச் சொல்லுங்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பட்டப்பெயர் ஐந்து இடத்தில் வருகிறது, அவனுடைய சொந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை.